ஆடியில் குளிக்கலாம், தையில் கூடலாம்

வாசுதேவநல்லூர்க்காரர்களின் சொந்தபந்தம் இன்று வாசுதேவநல்லூரில் இல்லை. சென்னையில் பாதி, திருப்பூரிலும் கோவையிலும் கொஞ்சம், மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் மிச்சம். ஊரில் இருப்பது பல வீடுகளில் ஆச்சியும் தாத்தாவும், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியும்தான். ஜூன் பிறந்து, குற்றாலம் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டும் படம் செய்தித்தாளில் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: இந்த வருஷமாவது எல்லோரும் குற்றாலத்தில் சேருவோமா? அரை மணி நேரத்துக்குள் நாற்பது கட்டைவிரல்கள் உயரும். ஆகஸ்ட் முடியும்போது பார்த்தால், நான்கு குடும்பங்கள் தனித்தனியாகப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பியிருக்கும். சேர்ந்தவர்கள் யாருமில்லை. பாசம் வற்றிவிட்டது என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். காரணம் அவ்வளவு பெரியதல்ல. தேர்ந்தெடுத்த மாதமும் தப்பு, இடமும் தப்பு. குளிப்பதற்கென்று இயற்கை கொடுத்த காலத்தையும் இடத்தையும், கூடுவதற்கும் அதுதான் என்று எண்ணிவிடுகிறோம். தென்காசி மாவட்டத்தில் ஒரு பெரிய குடும்பம் நிதானமாகக் கூட வேண்டுமானால் அதற்கு மாதம் தை. இடம் சொந்த ஊரும் அதன் குளக்கரையும். அருவிக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் போதும்.

சிதறிக் கிடக்கும் சொந்தங்களை ஒன்று சேர்க்க முதலில் வேண்டியது அசையாத ஒரு தேதி. மும்பையிலிருப்பவர் விடுப்பு எழுத வேண்டும், துபாயிலிருப்பவர் டிக்கெட் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு வேண்டும். அருவி யாருக்கும் தேதி கொடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரலாகத் தூவுவதுதான் குற்றாலச் சீசன். சில வருஷம் ஜூன் முதல் வாரத்திலேயே வரும், சில வருஷம் ஜூலை பாதி வரை இழுத்தடிக்கும். வந்த பிறகும் நிலையில்லை. மலையில் மழை குறைந்தால் அருவி நூலாகி, அதன் கீழே வரிசை நீளும். கூடினால் குளிக்கத் தடை. காலையில் தடை போட்டு மாலையில் விலக்குவதும், மாலையில் விலக்கியதை இரவில் மறுபடி போடுவதும் அங்கே வாடிக்கை. இதில் அதிகாரிகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் கோடை மழையால் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்யும் மழை சில நிமிஷங்களில் இறங்கிவிடும் இடம் அது. தடை வேண்டும்தான். ஆனால் மூன்று மாதம் முன்னால் நாற்பது பேருக்குத் தேதி குறிக்க வேண்டியவர், அன்று காலை வரை திறக்குமா மூடுமா என்று தெரியாத இடத்தை நம்பித் திட்டம் போட முடியாது. பள்ளிக்கூடங்களும் அந்த மாதங்களில் திறந்திருக்கும். எஞ்சுவது சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாட்களில்தான் மதுரையும் விருதுநகரும் திருவனந்தபுரமும் அங்கே வந்து நிற்கும். விடுதி வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

தேதிச் சிக்கலை எப்படியோ தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அருவிக்கரையில் போய் இறங்கியதும் குடும்பம் என்ன ஆகிறது என்று பாருங்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முறையான ஏற்பாடுதான். ஆனால் நூறு மைல் கடந்து வந்த அண்ணனும் தங்கையும் வந்த வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். தண்ணீருக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. வயதானவர்களுக்குப் பாறை வழுக்கும். கைக்குழந்தைக்காரிக்கு இடம் கிடைக்காது. துணிப்பையையும் செல்போன்களையும் காவல் காத்துக்கொண்டு ஒரு அத்தை கடைசி வரை ஓரமாக உட்கார்ந்திருப்பார்; ஒவ்வொரு முறையும் அதே அத்தை. குளித்து முடித்தால் பசி, பசி முடிந்தால் தூக்கம், தூங்கி எழுந்தால் ஊர் திரும்ப வேன் நிற்கும். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் நடந்துகொண்டே பேசலாம் என்றால் அது காடு. வனத்துறை பொதுவாக விடுவதில்லை. அருவி உடம்புக்குச் செய்யும் நன்மையை மறுக்கவில்லை, அந்தச் சுகம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கிற சுகம். அருவிக்கடியில் நிற்கும்போது மனிதன் தனியாள்.

குற்றாலத்தில் கூடிப் பேசிய பெரிய மரபே இருக்கிறதே என்று இலக்கியம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை குற்றாலத்தில் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். உண்மைதான், ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அவர்கள் குளித்தது அருவியில், பேசியது டி.கே.சி. வீட்டில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், நாட்கணக்காக. அதற்கு முன்பு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நடந்த கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டு அது. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிய, யாரும் தலைமாட்டில் இல்லாமல் உட்காரும்படியான இடம் என்பதால்தான் அந்தக் கூட்டம் நடந்தது. உட்கார இடம், குரல் கேட்கும் அமைதி, எழுந்து போகச் சொல்லும் அவசரம் இல்லாமை. இந்த மூன்றும் அமைந்தால் சொந்தங்கள் தாமாகப் பேசிக்கொள்வார்கள்.

இனி மாதத்துக்கு வருகிறேன். தென்காசி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். செய்தித்தாளில் வரும் அணை நீர்மட்டப் பட்டியலை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தவருக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும். கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. இவற்றில் சின்னதான குண்டாறு ஆனி, ஆடிச் சாரலிலேயே தளும்பிவிடும். மற்றவை முன்பின்னாக ஏறும். சிற்றாற்றுப் பக்கத்து மேல்குளங்கள் சிலவற்றுக்கும் அப்போதே தண்ணீர் வரும், கார் சாகுபடி நடக்கும். ஆனால் கணவாய்க்கு வடக்கே தள்ளியிருக்கும் வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம் அந்த மாதங்களில் காற்றுதான் அதிகம், மழை குறைவு. அங்குள்ள குளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் கதி. அந்த மழையும் சாதுவானதல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் மூழ்கியதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே கிறிஸ்துமஸ் லீவில் கூடுவது என்பது மழையோடு சூதாடுவது. ஜனவரி பாதியில் வடகிழக்குப் பருவம் விடைபெறும், குளம் நிறைந்திருக்கும், பிசான நெல் வயலில் பச்சையாக நிற்கும், வெயில் இன்னும் கடுக்கத் தொடங்கியிருக்காது. பறவைகளுக்கும் இது தெரியும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில்தான் நடக்கிறது. அப்போதுதான் எண்ணுவதற்குப் பறவைகள் இருக்கும். ஒரு குளக்கரையில் ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்குக் கிடைக்காத காட்சி இலவசமாகக் கிடைக்கும் காலம் அது. அந்த மாதத்திலேயே, பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று மூன்று அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. கூடவே ஒரு சனி ஞாயிறு ஒட்டிக்கொண்டால் ஐந்து நாள். இப்படி ஒரு தொடர் விடுமுறை தமிழ்நாட்டின் நாட்காட்டியில் வேறு எந்த மாதத்திலும் இவ்வளவு நிச்சயமாக வருவதில்லை.

குளக்கரையில் கூடுவது புதிய யோசனையும் அல்ல. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தா கோயிலுக்குப் போகிறது. பாஸ்போர்ட்டில் ஊர் மாறியவர்களும் அன்று வந்து நிற்பார்கள். அந்தச் சாஸ்தாக்களில் பலர் இருப்பது குளத்தங்கரையில். கரையைக் காப்பது அவர் வேலை என்பது ஐதீகம். அங்கே ஆக்குப்புரை போட்டுப் பொங்கிச் சாப்பிடுவதுதான் இந்த மண்ணின் பழைய குடும்பக் கூடல். பிறகு பங்குனியிலேயே கூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு தடைகள். மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக் காலம். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பிள்ளை இருக்கும் வீடு அசையாது. இரண்டாவது தடை இன்னும் முக்கியமானது. சாஸ்தா ஆண்வழிச் சொத்து. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போக வேண்டும். ஆகவே அங்கே கூடுபவர்கள் சொக்காரர்கள் மட்டும். அக்காவும் தங்கையும் அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் வேறொரு குளத்தங்கரையில் நிற்பார்கள். பாதிக் குடும்பம் இல்லாத கூடலை முழுக் கூடல் என்று சொல்ல மனம் வரவில்லை. தை அப்படியல்ல. பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மகளை நினைத்துக்கொள்ளும் மாதம் அது. மார்கழி முழுக்க வாசலில் பூ வைத்த சாணத்தை எருவாகத் தட்டி, தையில் சிறுவீடு கட்டிப் பொங்கலிட்டு, அதை ஆற்றிலோ குளத்திலோ விடும் சிறுவீட்டுப் பொங்கல் பெண்பிள்ளைகளுக்கே உரியது. பெண்வழிச் சொந்தத்தையும் அழைக்க ஏற்ற மாதத்தை நம் முன்னோர் ஏற்கெனவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளியிலும் இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. 1910 முதல் 1970 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கோடையில் பாட்டன் ஊருக்கோ அதற்கு அருகிலுள்ள மாநிலப் பூங்காவின் ஏரிக்கரைக்கோ வந்து கூடுவது ஒரு பெரிய வழக்கமாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பூங்காக்களில் கூரை போட்ட கொட்டகையைப் பல மாதம் முன்பே பதிவுசெய்துகொள்ளலாம். நமக்கு அப்படி ஒரு வசதியை எந்தத் துறையும் செய்துதரவில்லை என்பது குறைதான். குளக்கரைகளில் நான்கு மரமும் ஒரு கூரையும் கழிப்பறையும் வைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அது வரும் வரை நம் கொட்டகை கல்யாண மண்டபம். தை முகூர்த்த மாதமாயிற்றே, மண்டபம் கிடைக்குமா என்றால், பொங்கலை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஊர் மண்டபம் அப்போது சும்மா பூட்டிக் கிடக்கும். வாசுதேவநல்லூரில் லாட்ஜ் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கும் இதே பதில்தான். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் சொந்த வீடுகளில் தங்கட்டும்; மற்றவர்களுக்கு மண்டபத்து ஜமுக்காளம். அதற்கும் முடியாதவர்கள் தென்காசியில் அறை எடுத்தால் ஏறத்தாழ 40 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம்.

இளவட்டங்கள் கேட்கப்போகும் கேள்வி தெரியும்: தையில் அருவியில் தண்ணீர் இருக்குமா? அந்த மாதத்தில் குற்றாலத்தில் சீசன் ஆரவாரம் இருக்காது. நல்ல அடைமழை பெய்த வருஷத்தில் அருவி விழுந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் மெலிந்திருக்கும். இதை மறைத்துப் பேசி ஆளைக் கூட்டக் கூடாது. ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும் அகஸ்தியர் அருவி பாபநாசத்தில் இருக்கிறது. வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசி, கடையம் வழியாக வேனில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகலாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உட்பட்ட பகுதி என்பதால் சோதனைச் சாவடியில் பையைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. இந்தக் கெடுபிடி நல்லதற்கே. அதே காட்டுக்குள் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இப்போது வாகனத்தையும் தங்கும் நாளையும் வனத்துறை கட்டுப்படுத்துகிறது. ஆற்றில் துணியும் எச்சில் இலையும் மிதந்ததன் விளைவுதான் அது. நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தே நமக்குக் கதவு திறக்கும். குற்றாலத்தையே விட முடியாது என்பவர்களுக்குத் தை வேறொரு குற்றாலத்தைக் காட்டும். சீசனில் ஈரத்துணியோடு ஓடுகிறவர்கள் சித்திரசபையை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான அதன் சுவரோவியங்களைக் கூட்டமில்லாத ஒரு காலையில் நின்று பார்க்கலாம். ஐந்தருவிக்குப் பக்கத்தில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஓடவும் பெரியவர்கள் மரத்தடியில் உட்காரவும் ஏற்ற இடம். வெண்ணமடைக் குளத்துப் படகு மட்டும் சீசனுக்கு உரியது, அதை ஜனவரியில் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

போகிற வழியில் பாலருவியையும் தென்மலையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். ஆரியங்காவு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது கேரளம். வேன் எல்லை தாண்ட வரியும் பர்மிட்டும் கேட்பார்கள், புளியரைச் சோதனைச் சாவடியில் நேரம் போகும், அங்கே வனத்துறைக்குத் தனி டிக்கெட், தனி நேரம். நான்கு பேர் காரில் போகிறபோது இவை சின்ன விஷயங்கள். நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பாலருவியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றியே காட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீசுவரர், தலமரம் புளி. பூலித்தேவரின் கோட்டை நின்ற ஊர் இது. 1767-இல் கர்னல் டொனால்டு கேம்பல் படையோடு வந்து முற்றுகையிட்டுப் பிடித்த மண்கோட்டை. பூலித்தேவர் பிறந்த நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே மணிமண்டபமும் உண்டு. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு 'நம்ம ஊர்' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்க வேண்டுமானால் அது குற்றாலத்து விடுதி அறையில் கிடைக்காது. தாத்தா படித்த பள்ளிக்கூடத்து மதிலையும், எலுமிச்சை ஏற்றிப்போன புளியங்குடிச் சந்தையையும் கைநீட்டிக் காட்ட ஒரு மனிதர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

சொந்த ஊரில் கூடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. ஊரில் கூடினால் வீட்டுப் பங்கும் வரப்புத் தகராறும் எழும். வெளியூர் விடுதியில் அந்தப் பேச்சு வராது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பேசாத வழக்கு தீர்ந்த வழக்காகிவிடாது. விடுதியில் சிரித்துவிட்டுப் போன அண்ணன் தம்பிகள் மறுவாரம் வக்கீலிடம் நிற்கத்தான் செய்கிறார்கள். திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளுமாகக் கூடல் நடக்கும் இரண்டு நாளும் நிலம், நகை, கடன் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்று அழைப்பிலேயே எழுதிவிடலாம். தீர்த்தே ஆக வேண்டியவர்கள் மூன்றாம் நாள் பெரியவர் ஒருவரை வைத்துத் தனியாக உட்காரட்டும். திருவள்ளுவர் தினத்தன்று மதுக்கடைகள் மூடியிருப்பது இந்த வகையில் ஒரு சிறிய அனுகூலம்.

குளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கரையில் கூடலாம் என்கிறேன், உள்ளே இறங்கலாம் என்று சொல்லவில்லை. வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. கரையிலிருந்து பத்தடியில் முழங்கால், பதினோராவது அடியில் கசம். நகரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் தெரியும், கசம் தெரியாது. இரண்டு பெரியவர்கள் சாப்பாட்டு வேளையிலும் கரையைவிட்டு நகராமல் காவல் இருக்க வேண்டும். மடைப் பக்கமும் கலுங்குப் பக்கமும் யாரும் போகக் கூடாது. குளத்தில் மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவர் இருப்பார். முன்கூட்டியே அவரிடமும் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. கொண்டுபோனதில் எச்சில் இலை ஒன்றுகூடக் கரையில் விழக் கூடாது.

சமையலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இருபது பெண்களை அடுக்களையில் நிறுத்தி நாற்பது பேர் கூடியதாகச் சொல்லிக்கொள்வது ஏமாற்று. ஊரில் ஒரு தவசிப்பிள்ளையைப் பிடியுங்கள். சொதி ஒரு வேளை, கூட்டாஞ்சோறு ஒரு வேளை. மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதியை வடக்கே கட்டிக்கொடுத்த வீடுகள் மறந்துகொண்டிருக்கின்றன. கூட்டாஞ்சோற்றின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கறிச்சோறு வேண்டுமென்றால் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், திருவள்ளுவர் தினத்தில் பல இடங்களில் இறைச்சிக் கடை திறக்காது. செலவுக்கு நம்மிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது: கோயில் கொடைக்குப் போடும் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண்பிள்ளைக்கு ஒரு வரி என்பது அதன் கணக்கு. அதில் ஒரு திருத்தம் செய்தால் போதும். சம்பாதிக்கிற ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, மகனோ மருமகளோ, ஒரு வரி கொடுக்கட்டும். படிக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் வரி கிடையாது. வெளிநாட்டுச் சித்தப்பா முழுச் செலவையும் தானே ஏற்கிறேன் என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒருவர் பணத்தில் நடந்தால் அது அவர் வீட்டு விசேஷம், மற்றவர்கள் விருந்தாளிகள். அவருக்கு முடியாத வருஷம் அதோடு நின்றுவிடும். வரி கொடுத்தவனுக்குத்தான் குறைசொல்ல உரிமை வரும், குறைசொல்கிறவன்தான் அடுத்த வருஷமும் வருவான்.

கடைசித் தடை ரயில். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காது என்பது உண்மையான ஆட்சேபம், அதற்கு வசனம் பேசிப் பயனில்லை. வாசுதேவநல்லூருக்கு ரயில் நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகையில் வந்து ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ இறங்க வேண்டும். ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 60 நாளாகிவிட்டது. ஜனவரி 13-ஆம் தேதி புறப்படும் வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குக் கதவு திறக்கும், சில நிமிஷத்தில் மூடிவிடும். எனவே யார் யார் வருகிறார்கள், யார் பெயரில் யார் எடுப்பது என்ற பட்டியல் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போதே கையில் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை நவம்பர் 19 அன்று எடுத்தால் ஜனவரி 18 வரை ஊரில் இருக்கலாம்.